சத்தம் கேட்டால் திரும்பாதே

சின்னவனே,

வெள்ளிக்கிழமை உனக்கு விமானம். பெட்டி கட்டியாயிற்றா, கம்பளிச் சட்டை வாங்கினாயா என்று விசாரிக்க வேண்டிய நேரத்தில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ பாதியிலேயே புகுந்து, "அதுக்கு நீ என்னம்மா செய்வே" என்று ஆறுதல் சொல்லிவிடுவாய். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே யாரும் பேசக் கூடாது. எழுத்தில்தான் அந்த வசதி இருக்கிறது. இத்தனை நாளும் நீ கேட்கும்போதெல்லாம், "பிராக்டிஸ் நல்லாப் போகுதுய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போகவில்லை. ஜூனியர் நெட்பால் அணி என்று இங்கே இப்போது ஒன்றும் இல்லை. நீ போட்டுக் கொடுத்த பயிற்சித் திட்டத்துக்கு என்ன ஆயிற்று என்பதை, நெட்பாலை நம்மூர்க் கபடி மாதிரி விளையாடுகிற ஒரு தேசத்துக்கு நீ கோச்சாகப் போய், அங்குள்ள பிள்ளைகளுக்குத் திட்டம் போட உட்காரும் முன்னால் தெரிந்துகொண்டு போ.

போன வருஷம் விருதுநகரில் நடந்த மண்டலப் போட்டி உனக்கு நினைவிருக்கும். சென்னையிலிருந்து லீவு போட்டு வந்து, முதல் வரிசையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். காரியாபட்டிப் பக்கத்து அணியோடு ஆட்டம். கடைசிக் கால் பாகம் வரை சமமாகத்தான் வந்துகொண்டிருந்தோம். அப்போது பக்கத்து மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். அவ்வளவுதான். நம் பிள்ளைகள் ஏழு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பந்து வைத்திருந்தவள் பந்தோடு நின்றாள். மற்றவர்கள் வானத்தைப் பார்த்துப் புகையைத் தேடினார்கள். கையில் வந்த பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது அரிச்சுவடி. நடுவர் ஊதினார், பந்து அவர்களுக்குப் போனது. சரவெடி முடிகிறவரை அவர்கள் கோல் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கம்மாயும் கடலைக்காடும் பார்த்து வளர்ந்த அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெடிச் சத்தம் என்றால் கல்யாணம், அல்லது தீபாவளி. வேறு அர்த்தம் கிடையாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது. "சிரிக்காதலே, நீயும் இப்படி நின்ன பயதான்" என்றேன். மூன்றாம் வகுப்பில் நீ செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? சாத்தூர்ப் பக்கம் எங்கேயோ ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்தது. நீ வகுப்பிலிருந்து எழுந்து, செருப்புக்கூட இல்லாமல், என் பள்ளி மைதானத்துக்கு ஓடி வந்தாய். நான் பாட்டுக்கு ஆறாம் வகுப்புக்கு டிரில் எடுத்துக்கொண்டிருந்தேன். பட்டாசு மருந்தை நான் தொட்டதுகூட இல்லை. நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கியாம்மா?" என்று கேட்டாய். பிள்ளைகள் எதிரில் மானத்தை வாங்குகிறானே என்று முதுகில் ஒன்று வைத்தேன். அன்றைக்கு அடித்ததை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

இதைச் சொன்னதும் நீ சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தப் பழக்கத்த நான் சென்னைக்குப் போய்த்தாம்மா விட்டேன். இவளுகளுக்கும் விட வைக்கணும்" என்றாய். அடுத்த மாதமே திட்டம் வந்தது. எந்த வாரம் எதைப் பழக்குவது, எத்தனை நிமிஷம் ஓட்டம், எத்தனை நிமிஷம் பாஸ், எப்போது தண்ணீர் என்று எல்லாம் வகுத்து அனுப்பியிருந்தாய். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று முதலில் கேலி செய்தேன். ஒன்றரை மணி நேரத்துக்குப் போட்டிருந்தாய். காலையில் ஆறரைக்கெல்லாம் கம்பெனி பஸ் அம்மாக்களை அள்ளிக்கொண்டு போய்விடும். பிறகு வீடு இந்தப் பிள்ளைகள் தலையில். சாயங்காலம் அந்தப் பஸ் திரும்புவதற்குள் உலை கொதித்திருக்க வேண்டும். நடுவில் எனக்குக் கிடைப்பது, பள்ளி விட்டதிலிருந்து கொஞ்ச நேரம். அதனால் உன் திட்டத்தில் முதலில் ஓட்டத்தை வெட்டினேன். அடிபம்பிலிருந்து இடுப்பில் குடத்தோடு தினமும் நடக்கிறவளுக்கு நான் என்ன உடற்பயிற்சி சொல்லித்தரப் போகிறேன்?

எறிதலை மட்டும் வெட்ட முடியவில்லை. போன வருஷம் ஆடியவர்கள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டார்கள்; புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பந்தை எறிய வராது. நீ நம்பவே மாட்டாய். எதிரில் நிற்கிறவளிடம் பந்தைப் போடு என்றால், கிட்டே நடந்துபோய், இரண்டு கையாலும் தாம்பூலத் தட்டு நீட்டுகிற மாதிரி நீட்டுவார்கள். "ஏட்டி, எறியச் சொன்னா கல்யாணத்துக்கு அழைக்கியா?" என்று கத்துவேன். கோல் ஷூட்டராக நான் நிறுத்தியிருந்த மாரீஸ்வரிதான் ஒருநாள் காரணத்தைச் சொன்னாள்.

"வீட்டுல எதையாச்சும் எறிஞ்சா எங்கம்மா கைய ஒடிச்சிரும் டீச்சர். சீப்பக்கூட மெதுவாத்தான் வைக்கணும்."

பிறகுதான் எனக்கு உறைத்தது. மருந்தோடு பாடுபடுகிற அம்மாக்களுக்கு, எதையும் இழுக்கக் கூடாது, போடக் கூடாது, எறியக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும் என்பது கையிலேயே ஊறிப்போன சட்டம். அதே கையோடுதான் வீட்டுக்கு வருகிறார்கள், அதே கையால்தான் பிள்ளை வளர்க்கிறார்கள். ஒரு தலைமுறையாகப் பழகிய கையை நான் ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாய். சித்திரை வெயில் முழுக்க அதற்கே போயிற்று. முதலில் துணி உருண்டையை எறிய வைத்தேன், பிறகு பழைய டென்னிஸ் பந்து, பிறகு நெட்பால். மாரீஸ்வரிக்கு முதலில் வந்தது. வந்த பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. அவளுடைய அம்மா பேச்சியம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடி வந்து புகார் சொன்னாள்.

"இப்ப வீட்டுல தட்டத்தத் தூக்கி எறியுதா டீச்சர். நீங்கதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மகள் மெடல் வாங்கினால் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்தே போவதாக நேர்ந்திருக்கிறாளாம். புருஷன் கேரளத்துக்கு வேலைக்குப் போய், வந்தால் வந்தான் என்று இருக்கிறவள். சின்னப் பையன் ஒருவன் வேறு. மருந்து அடைக்கிற ரூமில் அவளுக்கு வேலை.

உன் திட்டத்தின் கடைசிப் பகுதி, கவனம் சிதறாமல் ஆடுவது. கூட்டத்தின் இரைச்சலை ஸ்பீக்கரில் போட்டுப் பழக்கு என்று எழுதியிருந்தாய். சிவகாசிக்காரியிடம் போய் சத்தத்துக்கு ஸ்பீக்கர் வை என்கிறானே என்று சிரித்துக்கொண்டேன். ஒரு கட்டு வெடி வாங்கி வைத்தேன். ஆட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் சுவருக்குப் பின்னால் போய் ஒன்றைக் கொளுத்துவேன். திரும்பினவள் வெளியே உட்கார வேண்டும். முதல் நாள் ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் வாசலைப் பார்த்து ஓடவே ஓடினார்கள்.

அந்த ஓட்டத்தை நீ மறந்திருப்பாயோ என்னவோ. சத்தம் கேட்டால் முதலில் எந்தத் திசை, புகை வெள்ளையா கறுப்பா என்று பார்ப்போம். பிறகு ரோட்டுக்கு ஓடுவோம். காயம்பட்டவர்களை ஏற்றிய வண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழி கிடையாது, நம் பள்ளி வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்தக் கம்பெனி டிரைவரானாலும் அந்த இடத்தில் வண்டியை மெதுவாக்குவான். யாரும் அவனுக்குச் சொல்லித்தந்ததில்லை. வாசலில் நிற்கிற பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். தன் அம்மா இல்லை என்றால் திரும்பிவிடுவார்கள். இருந்தால் ஏறிக்கொள்வார்கள். அந்த ஓட்டத்தைத்தான் நான் தவறு என்று சொல்லி, திரும்பினவளை வெயிலில் உட்கார வைத்தேன். "சத்தம் கேட்டால் திரும்பாதே, பந்தைப் பார்" என்பதைப் பிள்ளைகள் பாட்டாகவே பாடினார்கள். ஆனி முடிவதற்குள் சுவருக்குப் பின்னால் நான் என்ன கொளுத்தினாலும் ஒருத்தியும் திரும்பவில்லை. உனக்கு அன்றைக்கு வீடியோ அனுப்பினேன். "அம்மா, நீதான் கோச்" என்று நீ பதில் போட்டாய். எனக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை. மனுஷிக்கு இந்த வயதிலும் மகன் மெச்சினால் அப்படித்தான் இருக்கும் போல.

மண்டலப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது. ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தீபாவளி சீசன், எல்லாக் கம்பெனியிலும் ஆர்டர் நெருக்கடி. சாயங்காலம், ஆட்டம் பாதியில். தரை ஒருமுறை குலுங்கியது. வகுப்பறை ஜன்னல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. ஊசிவெடிச் சத்தத்துக்கும் கம்பெனி வெடிக்கிற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள் இந்த ஊரில் பிறந்திருக்கவே மாட்டாள். எனக்குத் தெரிந்தது, சின்னவனே. சத்தியமாகத் தெரிந்தது. என் கால் வாசல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்ததும் எனக்குத் தெரியும். அப்போது பிள்ளைகளைப் பார்த்தேன். ஒருத்தியும் நிற்கவில்லை. சென்டரில் இருந்தவள் பந்தைத் தள்ளினாள், மாரீஸ்வரி எம்பிப் பிடித்தாள், கால் நகராமல் திரும்பி, வளையத்தைப் பார்த்துப் போட்டாள். வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது.

நான் கை தட்டினேன். "சபாஷ்டி என் தங்கம்" என்று கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் ரோட்டில் ஒரு ஹாரன் விடாமல் ஒலித்தது. கேட்டது, கேட்காமல் இல்லை. மைதானம் கட்டிடத்துக்குப் பின்னால் இருப்பதால் ரோடு தெரியாது. விசிலை வாய்வரைக்கும் கொண்டு போனேன். இத்தனை மாதம் பழக்கியதை நானே குலைக்கிறதா என்று ஒரு நினைப்பு வந்தது. இன்னும் ஒரு சுற்று ஆடட்டும் என்று விட்டேன். அந்தச் சுற்று முடிவதற்கு முன்னால் என் போன் அடித்தது.

மாரீஸ்வரியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவள் என் இடுப்பை இறுகப் பிடித்திருந்தாள். நாங்கள் போகும்போது பேச்சியம்மாளுக்கு நினைவு இல்லை. தலையிலிருந்து கட்டுப் போட்டிருந்தார்கள், முகம் தெரியவில்லை. உள்ளே விடவும் இல்லை. மறுநாள் காலையில் முடிந்துவிட்டது. கேரளத்திலிருந்து அப்பன் வந்து, கொள்ளி வைத்து, மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் திரும்பிப் போய்விட்டான். பிள்ளைகள் இரண்டும் சித்தி வீட்டில் இருக்கிறார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் மற்ற பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள். பாவம், நான் என்ன சொல்வேனோ என்று பயந்தே வந்திருப்பார்கள். பந்தை எடுத்துக் கொடுத்தேன். ஒருத்தி அதை வாங்கி, பக்கத்தில் நிற்கிறவளிடம் நடந்துபோய், இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் அதேபோல் அடுத்தவளிடம் நீட்டினாள். நான் கத்தவில்லை. அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஏதோ லாரியின் டயர் வெடித்தது. பந்தைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். வாசலில் நின்றுகொண்டு, அந்த லாரிக்கு அப்பால் காலியாகக் கிடந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாளிலிருந்து யாரும் வரவில்லை. வரச் சொல்லி நானும் யாரையும் கூப்பிடவில்லை. மண்டலப் போட்டி வந்தது, போனது.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ நல்ல கோச். நீ எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை, நீ போகிற ஊருக்கு அது அப்படியே பொருந்தும். கொளுத்தியது நான். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ரோட்டிலேயே நாற்பது வருஷம் நடந்தவள், அந்த ஓட்டம் எதற்கு என்று தெரிந்தவள் நான். ஒரு கோப்பைக்கு ஆசைப்பட்டேன். அங்கே போய் நீ பிள்ளைகளுக்குத் திட்டம் எழுதும்போது, அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் கேள். கேட்டுவிட்டு, அந்தப் பயத்தினால் அவர்களுக்கு என்ன உபயோகம் என்றும் கேள். பயம் எல்லாம் குறை இல்லை. எங்கேயாவது அது ஒரு பிள்ளையை அதன் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் வைக்க உன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொள். என்னிடம் ஒரு வளையம்தான் இருந்தது.

வருகிற சித்திரையோடு எனக்கு ஓய்வு. அதற்குள் இன்னொரு அணி சேரும் என்று நீ சொல்லுவாய். சேராது. சேர்த்தாலும் விசில் ஊத எனக்கு வாய் வராது. என் இடத்துக்கு ஆள் போடுவார்களா என்பதும் தெரியவில்லை. நல்லபடியாக ஏதாவது எழுதி முடிக்க வேண்டும் என்று பார்க்கிறேன், பொய்யாகத்தான் வருகிறது. ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை மாரீஸ்வரியைப் பள்ளிக்கு அழைத்துவரலாம் என்று போனேன். விளையாட வேண்டாம், வகுப்பில் வந்து உட்கார்ந்தால் போதும். கூரைக்கடியில் உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். தம்பி மடியில் தலை வைத்துத் தூங்கினான். சித்திக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, வேறு ரூம். பேச்சியம்மாளை வேனில் மடியில் போட்டுக்கொண்டு போனவளே அவள்தான்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. காப்பித்தண்ணி குடிக்கீகளா?" என்றாள் சித்தி. படிப்பைப் பற்றி எடுத்ததுமே தலையை ஆட்டினாள். "படிப்பு இனி எங்கன டீச்சர். நான் வேலைக்குப் போனா இந்தப் பயல யாரு பாக்குறது?"

நான் என்னென்னவோ சொன்னேன். அரசாங்கத்தில் கிடைக்கிற உதவி, விடுதி, எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, கேட்க வேண்டும் என்று பல நாளாக வைத்திருந்ததைப் போலக் கேட்டாள்.

"அன்னைக்கு அக்காவுக்கு வேன்ல நெனவு இருந்துச்சு டீச்சர். நல்லாப் பேசுனா. ஸ்கூல்கிட்ட மெதுவாப் போகச் சொல்லு, புள்ள வாசலுக்கு வந்திருப்பான்னா. டிரைவரு நிப்பாட்டியே போட்டான். ஹாரன் அடிச்சுப் பாத்தோம். ஒரு புள்ளையக்கூடக் காணோம். எங்க எம்புள்ள, எங்க எம்புள்ளன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ரத்தம் போகுதுன்னு நாந்தான் வண்டிய எடுக்கச் சொன்னேன். அங்கன வச்சே நெனவு போயிருச்சு. அந்நேரம் நீங்கல்லாம் எங்க டீச்சர் இருந்தீக?"

நான் வாயைத் திறந்தேன். அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தேன். மாரீஸ்வரி குழாய் உருட்டுவதை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. சித்தியைப் பார்த்துச் சொன்னாள்.

"வந்தோம் சித்தி. சத்தம் கேட்டதும் டீச்சர்தான் மொதல்ல ஓடியாந்தாக. அதுக்குள்ள வண்டி போயிருச்சு."

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க என்ன டீச்சர் செய்வீக" என்றாள். மாரீஸ்வரி அடுத்த காகிதத்தை எடுத்தாள். நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அம்மா